கர்ப்பப்பை இறக்கம்: எடுத்துவிட்டால் மட்டும் போதுமா?

கேள்வி – கயல்:
என் அம்மாவுக்கு 61 வயது, நான்கும் சுகப்பிரசவம். வயல் வேலையிலும் தலைச்சுமையிலும் வாழ்ந்தவர், அடி இறங்கியிருப்பதை வெட்கத்தால் இத்தனை நாளும் மறைத்திருக்கிறார். இப்போது கர்ப்பப்பை முழுவதும் வெளியே வந்துவிட்டதால், அதைக் கையால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் பிரிகிறது. துணி உரசி ஒரு புண்ணும் உண்டாகியுள்ளது. புண் ஆறியதும் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். உறுப்பைத் தாங்கிப் பிடிக்கும் செயற்கை வலை (மெஷ்) வைத்தால் மீண்டும் இறங்காது என்று சித்தி சொல்கிறார். வெளிநாட்டில் வலையைத் தடை செய்துவிட்டார்கள் என்கிறார் மாமா. எது சரி?

பதில் – மகப்பேறு மருத்துவர்:
பிறப்புறுப்பு வழியாக வைக்கப்பட்ட வலைகள் சிலருக்குத் திசுவை அரித்து வெளியே தெரிந்தன. தீராத வலியையும் தந்தன. ஆகவே, இறக்கத்துக்கென அவ்வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் நிறுத்தச் செய்தது. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் யோனியின் மேல்முனையை முதுகுத்தண்டின் அடியிலுள்ள சேக்ரம் எலும்போடு வலையால் இணைக்கும் சிகிச்சைக்கு அந்த ஆணை பொருந்தாது.

ஆனால் உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை வலையைவிட முக்கியமான கேள்வி வேறு. பழுதானது கர்ப்பப்பை அன்று, அதைத் தாங்கும் தசைநார்களே என்பதால், கர்ப்பப்பையை எடுத்தபின் யோனியின் மேல்முனையை இடுப்பின் உறுதியான தசைநாரோடு தைத்து நிறுத்தாவிட்டால் பின்னாளில் அந்த முனையே இறங்கக்கூடும். அதை எப்படி நிறுத்தப்போகிறார்கள், இறங்கிய சிறுநீர்ப்பையையும் சேர்த்துச் சரிசெய்வார்களா என்று கேளுங்கள். புண்ணுக்கு, கர்ப்பப்பையை உள்ளே தள்ளி, அக்ரிஃபிளேவின் கிளிசரின் என்ற கிருமிநாசினி மருந்தில் நனைத்த துணியை வைத்து, ஈஸ்ட்ரோஜன் களிம்பும் தருவது வழக்கம். ஆறாத புண்ணிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிப்பது அவசியம்.

பதில் – செல்வராணி:
இதே அறுவை சிகிச்சையை நானும் செய்துகொண்டேன். முதுகில் ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. சிறுநீர் வெளியேற வைத்திருந்த குழாய்தான் தொல்லை. இறக்கம் சரியானபின் இருமினால் சிறுநீர் கசிந்தது எனக்குப் பெரும் அதிர்ச்சி. வெளியே தொங்கியபோது சிறுநீர்ப்பாதை மடிந்திருந்ததால் அந்தக் கசிவு அதுவரை மறைந்திருந்ததாம். இறங்கியதை உள்ளே தள்ளி வைத்து, இருமச் சொல்லி முன்கூட்டியே பார்க்கும்படி கேளுங்கள். பிறகு குடம் தூக்க விடாதீர்கள், மலச்சிக்கலும் ஆகாது.

கேள்வி – கயல்:
நன்றி அக்கா. டாக்டர், அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. அறுவை சிகிச்சை தள்ளிப்போனால் என்ன செய்வது?

பதில் – மகப்பேறு மருத்துவர்:
சர்க்கரை கட்டுப்படும்வரை, இறங்கியதைத் தாங்கிப் பிடிக்க யோனிக்குள் வைக்கும் பெஸரி வளையம் வைக்கலாம். ஆனால் புண் ஆறிய பிறகே வைக்க வேண்டும், அவ்வப்போது கழற்றிக் கழுவியும் வர வேண்டும். உடல்நிலை நீண்ட மயக்கத்துக்கு இடம் தராத முதியவர்களுக்கு யோனியின் முன்பின் சுவர்களைச் சேர்த்துத் தைக்கும் லெஃபோர்ட் முறை உண்டு. சிறிய சிகிச்சைதான், எனினும் அதன்பின் தாம்பத்திய உறவு இயலாது. ஆகவே அப்பாவையும் உடன் அழைத்துச் சென்று, இருவருமாகக் கேட்டு முடிவெடுக்கட்டும்.