மறு: பல்லேடியத்துக்குள் ஹைட்ரஜன் போவது: உறிஞ்சலா, இடைப்பொதிவா?

வணக்கம் நண்பர்களே,

பல்லேடியம்ங்கிற உலோகத்துக்குள்ள ஹைட்ரஜன் வாயு போறதுக்கு பாடத்துல என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம்ங்கிற பேச்சுல, "உறிஞ்சல்"னே வச்சுக்கலாம், எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்தானேன்னு நம்ம குழுவுல ஒரு ஐயா எழுதியிருந்தாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லீங்க. உறிஞ்சல்னு படிச்சதும் ஸ்பாஞ்சு ஓட்டைல தண்ணி நிரம்புற மாதிரிதான் பிள்ளைங்களுக்கு தோணும், ஆனா இங்க ஹைட்ரஜன் மூலக்கூறு உலோகப் பரப்புல பட்டதும் ரெண்டு அணுவா உடையுது, அந்த அணுக்கள் உள்ள இறங்கி பல்லேடியம் அணுக்களுக்கு நடுவுல இருக்கிற எண்முகி இடைவெளிகள்ல (ஆறு அணுக்கள் சூழ்ந்த சின்ன இடங்கள்ல) போய் உக்காருது, அதுக்கு இடம் கொடுத்து உலோகமே உப்பிடுது. கன அளவு சுமார் 10 சதவீதம் கூடுதுங்க! தன்னோட கன அளவப்போல 900 மடங்கு வரைக்கும் வாயுவ வாங்கிக்கும், சூடுபண்ணா திரும்ப விட்டுடும்.

இந்த உப்பல் சொல்லுல தெரியலன்னா அடுத்த பாடமே புரியாது. சூடான பல்லேடியத் தகடு வழியா ஹைட்ரஜன் மட்டும் கடந்து வரும், சுத்தமான ஹைட்ரஜன் எடுக்க அதைத்தான் பயன்படுத்துறாங்க. தனி பல்லேடியமா இருந்தா உப்பி சுருங்கி உப்பி சுருங்கி தகடு நெளிஞ்சு விரிசல் விட்டுடும், அதனாலதான் கால்வாசி அளவுக்கு வெள்ளி கலக்குறாங்க.

1866ல தாமஸ் கிரகாம் இதுக்கு "அக்ளூஷன்"னு பேர் வச்சார், அடைச்சு வச்சுக்கிறதுன்னு பொருள். எக்ஸ்ரே கண்டுபிடிக்காத காலம், அணு எங்க உக்காருதுன்னு அவருக்கு பார்க்க வழியில்ல. நமக்கு தெரியும்ல, பின்ன ஏன் அதையே மொழிபெயர்க்கணும்?

"இடைச்செருகல்" ஏற்கனவே புழக்கத்துல இருக்கேன்னு கேப்பீங்க. நல்ல சொல்தான், ஆனா பழைய நூல்கள்ல பின்னால யாரோ நுழைச்ச பாட்டுக்கு அந்தப் பேர் ஆழமா ஒட்டிக்கிச்சு. செருகணும்னா ஒரு ஆள் வேணும், இங்க ஹைட்ரஜன் தானா போகுது. "உட்கொள்ளல்" மருந்து மாத்திரைக்குப் போயிடுச்சு.

அதனால என் முன்மொழிவு இடைப்பொதிவு. வினையாவும் வரும்: "ஹைட்ரஜன் பல்லேடியத்தில் இடைப்பொதிகிறது". எஃகுல இரும்பு அணுக்களுக்கு நடுவுல கார்பன் இருக்கிறதுக்கும் இதுவே பொருந்தும். பரப்போட நின்னுடுறதுக்கு பரப்புக்கவர்ச்சி அப்படியே இருக்கட்டும், அதைத் தொட வேண்டாம்.

பேட்டரில கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவுல லித்தியம் போறதுக்கு "அடுக்கிடைப் பொதிவு"ன்னு பிரிச்சுக்கலாம்னு தோணுது. பேட்டரி பக்கம் வேலை செய்றவங்க இது சரியா வருமான்னு சொல்லுங்க.