பழைய மில்லிங் மெஷின்: ஸ்லைடில் துரு, எமரி போடலாமா?

கார்ஷெட் பட்டறை, பெங்களூரு:
பீன்யாவில் மூடிவிட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய எச்.எம்.டி. மில்லிங் மெஷினை வாங்கி, கிரேன் வைத்து வீட்டு கார் ஷெட்டில் இறக்கியாயிற்று. ஸ்பிண்டில் சத்தமில்லாமல் சுற்றுகிறது. ஆனால் தார்ப்பாய்க்கு அடியில் மழைக்காலம் முழுக்கக் கிடந்ததால் மேலெல்லாம் செந்துரு. டேபிளில் உள்ள டீ-ஸ்லாட் பள்ளங்களில் பழைய கூலன்ட்டும் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்பு நீர்மம்) உலோகச் சுருளும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருக்கிறது. டேபிளைக் கழற்றினால், அது வழுக்கி நகரும் தடமான ஸ்லைடிலும் லேசான துரு, அதற்கடியில் பிறை பிறையாகக் கோடுகள். 120 நம்பர் எமரி தாள் போட்டுத் தேய்த்துவிடு என்கிறார்கள். எனக்குக் கை வைக்க மனசு வரவில்லை. இன்னொன்று, மோட்டார் 3 எச்பி, த்ரீ பேஸ். வீட்டில் சிங்கிள் பேஸ்தான். என்ன செய்யலாம்?

தாசரஹள்ளி ஃபிட்டர்:
தம்பி, எமரியை ஸ்லைடு பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்தப் பிறைகள் கீறல் இல்லை, கையால் ஸ்கிரேப் பண்ணியவை, அதாவது உளி மாதிரிக் கருவியால் சுரண்டியவை. அந்தப் பள்ளத்தில்தான் எண்ணெய் தங்கும். எங்கள் அப்பா ஜலஹள்ளி எச்.எம்.டி.யில் ஸ்கிரேப்பர் பிடித்தவர். நீலச் சாயம் தடவிய சமதளத் தட்டில் உரசிப் பார்த்து, மேடு தெரியும் இடத்தை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். மைக்ரான் கணக்கில் நடக்கும் வேலை. எமரி அதை அரை மணி நேரத்தில் தின்றுவிடும். அதோடு அதன் பொடி வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டு, டேபிள் நகரும்போதெல்லாம் அரைக்கும்.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் புது ஷேவிங் பிளேடைப் படுத்தவாக்கில் பிடித்து, ஈரம் காயாமல் மெதுவாகத் தள்ளினால் துரு சேறாகக் கழன்று வரும், கோடுகள் அப்படியே நிற்கும். அப்புறம் மெல்லிய ஆயில் ஸ்டோனை எண்ணெய் விட்டு, அழுத்தாமல் ஓட்டுங்கள். தூக்கி நிற்கும் பிசிறு மட்டும் போகும். கம்ப்ரசர் காற்று அடிக்கவே வேண்டாம், சுருள், டேபிளை நகர்த்தும் லீட் ஸ்குரூவின் நட்டுக்குள் போய் உட்காரும்.

மாட்டும்போது, ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையான ஜிப்பை டேபிள் நடுவில் வைத்து இறுக்கினால் ஓரத்தில் பிடிக்கும். வருஷக்கணக்காக வேலை நடந்தது நடுவில், தேய்மானமும் அங்கேதான். ஓரத்தில் ஓடும் அளவுக்கு வைத்துக்கொண்டு, வெட்டும்போது நகராத பக்கங்களுக்கு லாக் போடுங்கள். 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில் எஸ்.ஜே.பி. ரோட்டில் கேளுங்கள்.

காயில் கட்டுபவன்:
மோட்டாருக்கு, சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸ் கொடுக்கும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) போடலாம் சார். ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் டிரைவ் வெளியே கொடுப்பது 230 வோல்ட்தான். நம் ஊர் 3 எச்பி மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட், காயில்கள் ஸ்டார் இணைப்பில். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் டெல்டா இணைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், அப்போது 230 வோல்ட்டிலேயே ஓடும். மூன்றுதான் என்றால் உள்ளே இருக்கும் ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும், அதை ஒயிண்டிங் கடையில் கொடுத்துவிடுங்கள். முக்கியமாக, மெஷினின் பழைய ஸ்விட்ச் வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கக் கூடாது. ஓடும்போது அணைத்தால் டிரைவ் போய்விடும்.

கார்ஷெட் பட்டறை:
ஆறு முனை இருக்கிறது சார், நிம்மதி! அண்ணா, பிளேடு வைத்து ஓரத்தில் ஒரு சாண் எடுத்தேன், பிறைகள் பளிச்சென்று தெரிகின்றன. டேபிளைத் தாங்கும் சாடிலுக்குப் போகும் எண்ணெய்க் குழாய் அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தலாமா?

தாசரஹள்ளி ஃபிட்டர்:
கம்பி வேண்டாம் தம்பி, அடைப்பு இன்னும் உள்ளே போகும். குழாயைக் கழற்றி டீசலில் ஊறப்போட்டு, எண்ணெய் கன்னால் அழுத்தித் தள்ளுங்கள். மறுமுனையில் சுத்தமாகச் சொட்டிய பிறகு டேபிளை ஏற்றுங்கள்.