வாட்ச்ல 21.42 கிலோமீட்டர், ஓடினது ஹாஃப் மாரத்தான்: எதை நம்பறதுங்க?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கங்க. போன ஞாயித்துக்கிழமை ஹாஃப் மாரத்தான் (21.0975 கிலோமீட்டர்) ஓடினேன். ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு எட்டு மாசமா விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சு ஓடிட்டு இருக்கேன். கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 41 செகண்ட் (5:41) போனாலே போதும். கொஞ்சம் கையிருப்பா இருக்கட்டும்னு 5:38-ல ஓடினேன். கடைசி வரைக்கும் வாட்ச்ல சராசரி 5:38 அசையவே இல்லை.

வாட்ச் 21.1-ஐத் தொட்டப்ப நேரம் 1:58:52. நிமிர்ந்து பார்த்தா ஃபினிஷ் வளைவு இன்னும் முன்னூறு மீட்டர் தள்ளி நிக்குது. அதைத் தாண்டறப்ப 2:00:40. வாட்ச்ல மொத்த தூரம் 21.42. நாப்பது செகண்டுங்க. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூட கழட்டாம திண்ணையில உக்காந்திருந்தேன்.

கூட ஓடினவங்க ஒருத்தருக்கு 21.35, இன்னொருத்தருக்கு 21.51. "பாதையை நீளமா போட்டுட்டாங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நடத்தினவங்களுக்கு மெயில் போடலாமா? இல்லை என் வாட்ச் தானா தப்பு? மூணு வருஷப் பழசு. கோவை ரேஸ் கோர்ஸ் ரோட்டுல ஒரு சுத்து ரெண்டரை கிலோமீட்டர்ங்கறாங்க. எனக்கு ஒரு நாள் 2.47, ஒரு நாள் 2.58 காட்டுது. மரம் கவிஞ்ச பக்கத்துல, மேப்புல நான் ஓடின கோடு ரோட்டை விட்டு இறங்கி காம்பவுண்டுக்குள்ள போயிட்டு வருது. புதுசு வாங்கணும்னாலும் சொல்லுங்க, சேர்த்து வெச்சு வாங்கிக்கறேன்.

எலியட்ஸ் காலை எழுதியது:

தங்கச்சி, 2:00:40-க்கு முதல்ல என் வாழ்த்து. அந்த நாற்பது விநாடி நெஞ்சுல உட்கார்ந்திருக்கும், எனக்கும் ஒரு முறை உட்கார்ந்திருக்கு. மெயில் போடாதீங்க. பாதைக்கு அளவைச் சான்றிதழ் இருக்கான்னு மட்டும் அவங்க தளத்துல பாருங்க. இருந்தா, பாதை சரி.

ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, ஒரு தடவை பாதை அளக்கும்போது கூடவே போயிருக்கேன். அளக்கறது ஜி.பி.எஸ்ஸால இல்லை, சைக்கிளால. முன் சக்கரத்துல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு சின்ன எண்ணி மாட்டியிருக்கும். முதல்ல ஒரு நேரான ரோட்டுல இரும்பு டேப்பால முன்னூறு மீட்டர் அளந்து, அதுமேல நாலு தடவை சைக்கிள் ஓட்டி, இத்தனை எண்ணம்னா இத்தனை மீட்டர்னு கணக்கு எடுப்பாங்க. அப்புறம் பாதையை அளந்து முடிச்சுட்டு திரும்பவும் அதே முன்னூறு மீட்டர்ல நாலு தடவை. வெயில் ஏறினா டயர்ல காத்து விரியும், எண்ணம் மாறும், அதுக்காக. நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சோம். முன்னாடி ஒரு போலீஸ் வண்டி, பின்னாடி நான் ஸ்கூட்டர்ல சிவப்பு லைட்டைப் பிடிச்சுக்கிட்டு.

அளக்கறவர் ரோட்டு நடுவுல போகமாட்டார். வளைவுல ஓரக்கல்லுல இருந்து 30 சென்டிமீட்டர் விட்டு ஒட்டியே போவார். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம்னா ரோட்டைக் குறுக்கா வெட்டி நேர்கோட்டுல போவார். ஒரு மனுஷனால ஓட முடிஞ்ச ஆகக் குறைந்த தூரம் எதுவோ, அதுதான் பாதையோட நீளம். அதுக்கும் மேல, தப்பித் தவறிக்கூட குறையக்கூடாதுன்னு ஆயிரத்துக்கு ஒண்ணு சேர்ப்பாங்க. ஹாஃபுக்கு அது 21 மீட்டர்.

நீங்க அப்படியா ஓடியிருப்பீங்க? தண்ணி மேசைக்கு இடது பக்கம் ஒதுங்கி, மெதுவா போற கூட்டத்தைச் சுத்தி, வளைவுல வெளிப்பக்கமா வந்திருப்பீங்க. அதுலயே நூறு மீட்டர் வரைக்கும் போயிருக்கலாம்.

மிச்சம் வாட்ச். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. அங்கிருந்து சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் ஆச்சுங்கறதை வெச்சுத்தான் வாட்ச் இடத்தைக் கணிக்குது. பத்து நானோ விநாடி பிசகினாலே மூணு மீட்டர் தள்ளிப்போயிரும். (2000-ஆம் வருஷம் மே மாசம் வரைக்கும் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலை வேணும்னே கலக்கி வெச்சிருந்தது. அது நீங்கினப்புறம்தான் நம்ம கைக்கருவி ஓரளவு சரியா இடம் காட்ட ஆரம்பிச்சது.) புள்ளி ஒரு தடவை வலப்பக்கம், ஒரு தடவை இடப்பக்கம் விழும்போது, நேர்கோடு நெளிஞ்ச கோடா ஆகுது. நெளிஞ்ச கோடு எப்பவும் நீளம்தான். அதனாலதான் மூணு பேருக்கும் கூடுதலா காட்டியிருக்கு, ஒருத்தருக்கும் குறையலை.

இப்ப கணக்கைப் பாருங்க. 2:00:40-ஐ 21.0975-ஆல வகுத்தா 5:43. பாதைக் கணக்குல அதுதான் உங்க வேகம். நீங்க ஒதுங்கி ஓடினதும் சேர்த்து, வாட்ச் பாதையைவிட நூத்துக்கு ஒன்றரை கூட்டிச் சொல்லியிருக்கு. அடுத்த பந்தயத்துல வாட்ச் 5:35 காட்டற மாதிரி ஓடினாத்தான் ரெண்டு மணிக்குள்ள வருவீங்க.

அதைவிட நல்ல வழி, ஆட்டோ லேப்பை (வாட்ச் தன் கணக்குல ஒவ்வொரு கிலோமீட்டரையும் தானே குறிக்கறது) அணைச்சிடுங்க. கிலோமீட்டர் போர்டு வரும்போது நீங்களே லேப் பட்டனை அழுத்துங்க. நேரம் காட்டறதுல வாட்ச் பொய் சொல்லாது, தூரத்துலதான் தடுமாறும். போர்டையும் நேரத்தையும் நம்புங்க. நான் ஒரு துண்டுக் காகிதத்துல அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு நேரம் எழுதி, மேல செல்லோ டேப் ஒட்டி, மணிக்கட்டுல சுத்திக்குவேன். பேனாவால கையில எழுதினா எட்டாவது கிலோமீட்டர்ல வியர்வையில கரைஞ்சுரும். உங்களுக்கு: 5-ல 28:26, 10-ல 56:53, 15-ல 1:25:19, 20-ல 1:53:45.

புது வாட்ச் வேண்டாம். இருக்கறதை நல்லா நடத்துங்க. ராத்திரியே போனோட சிங்க் பண்ணி வைங்க. செயற்கைக்கோள்கள் எங்கெங்க இருக்கும்ங்கற குறிப்பு போன் வழியா வந்துரும். இல்லாட்டி ஒவ்வொரு செயற்கைக்கோளும் முப்பது விநாடிக்கு ஒரு தடவை சொல்றதை வாட்ச் உட்கார்ந்து கேட்கணும். எங்க தெருவுல ரெண்டு பக்கமும் நாலு மாடி ஃபிளாட், நடுவுல துண்டு வானம்தான் தெரியும். நான் கடற்கரை முக்கு வரைக்கும் நடந்துபோய், சிக்னல் கிடைச்சதுன்னு வாட்ச்ல பச்சை வந்தப்புறமும் ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் ஸ்டார்ட் அழுத்துவேன். பால் பாக்கெட் போடற தம்பிக்கு என்னைப் பார்த்தே மணி அஞ்சுன்னு தெரியும்.

தஞ்சோங் பகார் எழுதியது:

அண்ணன் சொன்னதோட ஒன்று சேர்க்கிறேன். நான் சிங்கப்பூரில் ஷென்டன் வே வழியாக மரினா பே வரைக்கும் ஓடுகிறவன். இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடம். சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வந்தால் வாட்ச் ஏமாறும். பழைய வாட்ச்சில் ஒரு கிலோமீட்டர் 3:10 என்று காட்டியது, நான் அப்போது ஆறு நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். இரட்டை அலைவரிசை வாட்ச் வாங்கிய பிறகு கோடு நடைபாதையிலேயே இருக்கிறது. 1575.42 மெகாஹெர்ட்ஸோடு 1176.45-ஐயும் கேட்கும், தெறித்து வந்ததை ஓரளவு பிரித்தறியும். பேட்டரி சீக்கிரம் இறங்கும். கோவைக்கு அது கட்டாயமில்லை என்பதுதான் என் கருத்து. செட்டிங்கில் ஒவ்வொரு விநாடியும் பதிவு என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். திரையில் அந்தந்த நொடி வேகத்தை வைக்காமல் லேப் வேகத்தை வையுங்கள். நொடி வேகம் குதித்துக்கொண்டே இருக்கும், அதைத் துரத்தினால் கால்தான் களைக்கும்.

வைகைப் பாலம் எழுதியது:

இடையில் நுழையுறதுக்கு மன்னிக்கணும். எனக்குத் தூரம் சரியா வருது, நாடித்துடிப்புதான் பயமுறுத்துது. மெதுவா பேசிக்கிட்டே ஓடுறப்ப 174-ன்னு காட்டுது. டாக்டரைப் பார்க்கணுமா அண்ணே?

எலியட்ஸ் காலை எழுதியது:

மூச்சு வாங்காம பேச முடியுதுன்னா பெரும்பாலும் அது நாடி இல்லை, உங்க காலடி எண்ணிக்கை. நிமிஷத்துக்கு 174 அடி வெச்சிருப்பீங்க. வாட்ச்சோட அடியில இருக்கற பச்சை வெளிச்சம் தோலுக்கடியில ரத்தம் ஏறி இறங்கறதைப் பார்க்குது, பட்டை தளர்வா இருந்தா கை ஆடற தாளத்தை நாடின்னு நினைச்சுக்கும். மணிக்கட்டு எலும்புக்கு ரெண்டு விரல் மேல, இறுக்கமா கட்டிப் பாருங்க. ஒரு தடவை நின்னு கழுத்துல விரல் வெச்சு எண்ணியும் பாருங்க. படபடப்பு, தலைசுத்தல் இருந்தா வாட்ச்சைப் பார்க்காம டாக்டரைப் பாருங்க.

நொய்யல்கரை எழுதியது:

ரொம்ப நன்றிங்கண்ணா. சான்றிதழ் அவங்க தளத்துலயே இருக்குதுங்க, நான்தான் பார்க்கலை. மெயில் போடலை. இன்னைக்குக் காத்தால நேரு ஸ்டேடியம் டிராக்குல முதல் லேன்ல பத்து சுத்து ஓடினேன். 4 கிலோமீட்டர் வரணும், வாட்ச்ல 4.07. நீங்க சொன்ன ஒன்றரைக்குக் கிட்டத்தட்ட வருது. ஒவ்வொரு சுத்துக்கும் கோட்டுல லேப் அழுத்தினேன், முதல் மூணு சுத்து மறந்து மறந்து போச்சு, அப்புறம் கை பழகிருச்சு.

அடுத்த ஹாஃபுக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்குது. காகிதப் பட்டை எழுதி டேப் ஒட்டி பீரோ கதவுல தொங்க விட்டிருக்கேன். என் பொண்ணு 20-க்கு எதிர்ல 1:53:45-ஐ சிவப்பு ஸ்கெட்ச்ல வட்டம் போட்டு வெச்சிருக்கா.