நியூயார்க் சிட்டி ஹால் பழைய ஸ்டேஷனை மறுபடி திறக்க வேண்டுமா? புனைபெயரில் மூவர் வாதிடுகிறார்கள்.

தண்டவாளம்: 1904 அக்டோபர் 27-ம் தேதி நியூயார்க்கின் முதல் சுரங்க ரயில் புறப்பட்டது இந்த ஸ்டேஷனிலிருந்துதான். மேயர் மெக்லெல்லன் தானே வண்டியை ஓட்டிப் போனார். 1945 டிசம்பர் 31-ம் தேதியோடு பயணிகளுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். நகரத்திலேயே அழகான ஸ்டேஷனைப் பூட்டி வைத்திருப்பது அநியாயம். மறுபடி ரயில் நிற்க வேண்டும்.

குவீன்ஸ்வாசி: அழகுக்காக ரயில் நிற்காது நண்பரே. கடைசிக் காலத்தில் நாளுக்குச் சுமார் 600 பேர்தான் வந்தார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் புரூக்ளின் பிரிட்ஜ் ஸ்டேஷன், அங்கே எக்ஸ்பிரஸும் நிற்கும். பிளாட்பாரமோ கூர்மையான வளைவில் இருக்கிறது. பழைய பெட்டிகளுக்கு இரண்டு ஓரத்தில்தான் கதவு, அதனால் சமாளித்தார்கள். நடுவிலும் கதவு வைத்த பெட்டிகள் வந்ததும் பிளாட்பாரத்துக்கும் கதவுக்கும் இடையே ஆள் விழுகிற அளவுக்கு இடைவெளி.

தண்டவாளம்: அதற்குத்தான் நகரும் தட்டு இருக்கிறதே. வண்டி நின்றதும் பிளாட்பார விளிம்பிலிருந்து நீண்டு வந்து இடைவெளியை அடைக்கும். யூனியன் ஸ்குவேர் ஸ்டேஷனில் பயன்படுத்தினார்கள், பழைய சவுத் ஃபெர்ரி ஸ்டேஷனிலும் இருந்தது.

குவீன்ஸ்வாசி: சவுத் ஃபெர்ரி என் வாதத்துக்குத்தான் உதாரணம். அந்தப் பழைய ஸ்டேஷனில் முன்னால் இருக்கும் ஐந்து பெட்டிகளிலிருந்து மட்டும்தான் இறங்க முடிந்தது. அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் 2009-ல் புது ஸ்டேஷன் கட்டினார்கள். 2012 சாண்டி புயலில் அது மூழ்கியதால் வேறு வழியின்றி 2013-லிருந்து 2017 வரை பழையதை ஓட்டினார்கள். சிட்டி ஹாலும் ஐந்து பெட்டி நீளம்தான். இன்று இந்தத் தடத்தில் ஓடும் 6-ம் நம்பர் வண்டிக்குப் பத்துப் பெட்டி.

செங்கல்காரன்: நான் கட்டடம் பக்கமிருந்து பேசுகிறேன். ஹைன்ஸ் அண்ட் லஃபார்ஜ் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த ஸ்டேஷன் இது. கூரை குவாஸ்டவினோ முறையில் கட்டியது. ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து வந்த குடும்பம் குவாஸ்டவினோக்கள். மெல்லிய சுட்ட ஓடுகளைப் படுக்கைவாட்டில் வைத்து, சீக்கிரம் இறுகும் சாந்து பூசி, அடுக்கு மேல் அடுக்காக ஒட்டிக்கொண்டே போவார்கள். முழுச் சாரம் கட்ட வேண்டிய அவசியம் குறைவு, தடிமனும் குறைவு, ஆனால் பலம் அபாரம். இங்கே தண்டவாளம் வளைவதால் கூரையும் வளைந்துகொண்டே போக வேண்டும். அதைச் சின்னச் சின்ன ஓடுகளாலேயே சாதித்திருக்கிறார்கள். வில்வளைவின் விளிம்பில் பச்சையும் வெளிர் நிறமும் மாறி மாறி வரும். பித்தளைச் சரவிளக்குகள், அப்புறம் மேலே பூங்காவிலிருந்து வெயில் இறங்கும் ஈயச் சட்டக் கண்ணாடிகள். இரண்டாம் உலகப் போரின்போது குண்டு வீச்சுப் பயத்தில் அந்தக் கண்ணாடிகளுக்குத் தார் பூசினார்கள்.

ரயில் நிற்க வேண்டுமானால் நகரும் தட்டுக்குப் பிளாட்பார விளிம்பை வெட்டணும், லிஃப்டுக்குக் குழி தோண்டணும், அவசர வழிக்குச் சுவரை உடைக்கணும். 1979-லேயே பாதுகாக்கப்பட்ட உட்புறமாக நகரம் அறிவித்த இடம் இது. கை வைக்காதீர்கள்.

தண்டவாளம்: சரி, ரயில் வேண்டாம். அருங்காட்சியகமாகவாவது திறக்கலாமே? 1990-களில் அந்தத் திட்டம் இருந்தது. மேலேயே மேயர் அலுவலகம், பாதுகாப்பு இல்லை என்று கைவிட்டார்கள். இப்போது போக்குவரத்து அருங்காட்சியக உறுப்பினர்கள் மட்டும் கட்டணம் கட்டி, முன்பதிவு செய்து உள்ளே போகிறார்கள். இந்தச் சுரங்கப் பாதைக்குக் கட்டுமான ஒப்பந்தப்படி நகரம் 3.5 கோடி டாலர் கடன் வாங்கிக் கொடுத்தது. ஊர்ப் பணத்தில் கட்டியதை ஊரே பார்க்க முடியாதா?

குவீன்ஸ்வாசி: பார்க்கலாமே. 6-ம் நம்பர் வண்டி புரூக்ளின் பிரிட்ஜில் கடைசி நிறுத்தம் முடிந்து இந்த வளைவில்தான் திரும்பி வருகிறது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கூடுதல் காசில்லாமல் பார்க்கலாம். பகலில் போனால் நல்லது.

தண்டவாளம்: ஓடும் வண்டியின் அழுக்குக் கண்ணாடி வழியே அரை இருட்டில் பார்ப்பதற்குப் பெயர் பார்ப்பதா? செங்கல்காரன் சொன்ன அந்த ஓட்டு அடுக்கில் ஒன்றுகூடக் கண்ணில் நிற்காது.

செங்கல்காரன்: அதில் நான் உங்கள் பக்கம். எதையும் இடிக்காமலே உறுப்பினர் நிபந்தனையை எடுத்துவிடலாம். சிறு குழுக்களாக, வழிகாட்டியோடு, பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுத்து.

குவீன்ஸ்வாசி: யார் வேண்டுமானாலும் என்றால் மேலே இருக்கும் அலுவலகத்தின் பாதுகாப்புச் சிக்கல் திரும்ப வரும். பெயர், அடையாள அட்டை முன்கூட்டியே வாங்கிச் சரிபார்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ரயில் நிறுத்தும் பேச்சுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன்.