ஊடாட்டக் கதையில் கிளைகளைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். சில ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறேன். வாசகரே முடிவெடுத்து நகர்த்தும் ஊடாட்டக் கதை ஒன்றை ட்வைன் மென்பொருளில் எழுதத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. இறந்துபோன அப்பாவின் மேசையில், தங்கையின் பெயர் எழுதி ஒட்டிய கடிதம் ஒன்று அக்காவுக்குக் கிடைக்கிறது. அதைப் பிரித்துப் படிப்பதா, படிக்காமல் எடுத்து வைப்பதா என்பதுதான் முதல் தேர்வு. ஒவ்வொரு தேர்வையும் தனிக் கிளையாகவே வளர்த்ததில், ஐந்து தேர்வுகளைக் கடப்பதற்குள் காட்சிகள் 63 ஆகிவிட்டன. இன்னும் பாதிக் கதைகூட வரவில்லை. இதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது? இக்கலையை முறையாகக் கற்க விரும்பினால் எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் பதில்

இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி. இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும் கதையில் 10 தேர்வுகள் இருந்தால் 1,024 முடிவுகளும், மொத்தம் 2,047 காட்சிகளும் தேவைப்படும். காட்சிக்கு 150 சொற்கள் என்று வைத்தாலும் மூன்று லட்சம் சொற்களைத் தாண்டிவிடும். அத்தனையையும் எழுதி முடித்தாலும், ஒருமுறை படிக்கும் வாசகர் 11 காட்சிகளை மட்டுமே காண்பார்.

ஆகவே பிரிந்த கிளைகளைச் சில காட்சிகளுக்குப் பின் மீண்டும் ஒரே காட்சியில் கூட்டிவிட்டு, வாசகர் என்ன செய்தார் என்பதை ஒரு மாறியில் (கதை ஓடும்போது ஒரு தகவலை நினைவில் வைத்திருக்கும் பெயரிட்ட இடம்) குறித்து வைத்துக்கொள்வதே பலரும் கையாளும் வழி. உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். கடிதத்தைப் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அன்றிரவு அக்காவும் தங்கையும் சேர்ந்து சாப்பிட உட்காரத்தான் போகிறார்கள். “அப்பா எனக்கென்று ஒன்றுமே விட்டுப் போகவில்லையா அக்கா?” என்று தங்கை கேட்கிறாள். கடிதத்தைப் படித்திருந்தால், “அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கடிதத்தின் கடைசி வரி தொண்டையில் நின்றது” என்ற வரி தோன்றட்டும். படிக்காவிட்டால், “இடுப்பில் செருகியிருந்த உறையின் முனை உறுத்தியது” என்ற வரி தோன்றட்டும். காட்சியின் மற்றச் சொற்கள் எல்லாம் ஒன்றே. ஆனால் முதல் வகை வாசகர் குற்ற உணர்வோடும், மற்றவர் தவிப்போடும் அதே உரையாடலைப் படிப்பார்கள். குறித்து வைத்த அந்த மாறியைப் பத்துக் காட்சிகள் கழித்துக்கூட எடுத்து ஆளலாம். வாசகர் மறந்திருக்கும் நேரத்தில் கதை அதை நினைவில் வைத்திருப்பது மிகவும் ஆழமாகப் பதியும்.

இன்னொன்று: ட்வைனை உலாவியிலேயே திறந்து எழுதுபவராயின், கதை அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும், உலாவியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும். 63 காட்சிகளையும் இன்றே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

கற்பதைப் பற்றிச் சொல்கிறேன். ஊடாட்டக் கதைகளை ஆராய்ந்த ஜேனட் மர்ரே 1997இல் எழுதிய ‘ஹேம்லெட் ஆன் த ஹோலோடெக்’ (Hamlet on the Holodeck) என்ற நூலிலிருந்து தொடங்குவது நல்லது. பொருளுள்ள ஒரு செயலைச் செய்து அதன் விளைவைக் கண்முன் காண்பதில் கிடைக்கும் நிறைவை அவர் இவ்வகைக் கதையின் தனி இன்பங்களுள் ஒன்றாகக் கருதுகிறார். மேலே உள்ள பதிலில் சாப்பாட்டுக் காட்சி ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது. அடுத்து, மைக்கேல் மேட்டியஸும் ஆண்ட்ரூ ஸ்டெர்னும் 2005இல் வெளியிட்ட ‘ஃபசாட்’ என்ற ஊடாடும் நாடகத்தை ஆடிப் பாருங்கள். சண்டையிடும் ஒரு தம்பதியின் வீட்டுக்கு விருந்தினராகச் செல்லும் நீங்கள், நினைத்ததைத் தட்டச்சு செய்து பேசலாம். தேர்வுப் பட்டியலே கிடையாது.

ஆனால் படிப்பதைக் காட்டிலும் பயன் தருவது வரைவதுதான். உங்களுக்குப் பிடித்த ஊடாட்டக் கதை ஒன்றை நான்கைந்து முறை வெவ்வேறு விதமாக ஆடி, அதன் கிளைகள் எங்கே பிரிந்து எங்கே கூடுகின்றன என்பதைத் தாளில் வரைந்து பாருங்கள். எழுதியவர் எங்கே உழைப்பை மிச்சப்படுத்தினார், எங்கே தாராளமாகச் செலவிட்டார் என்பது அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் பதில்

முதல் பதிலோடு ஓரளவே உடன்படுகிறேன். எல்லாக் கிளைகளையும் கூட்டிவிட்டால், இரண்டாம் முறை படிக்கும் வாசகர் தம் தேர்வுக்கு மதிப்பே இல்லை என்று கண்டுகொள்வார். அதன்பின் எந்தத் தேர்விலும் அவர் மனம் ஊன்றாது. ஒன்றிரண்டு தேர்வுகளையாவது மீளமுடியாதபடி பிரித்துவிடுங்கள். எவற்றைப் பிரிப்பது என்பதைக் கதையின் மையக் கேள்வியை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கோப்பை இறக்கி வைத்துவிட்டேன். நேற்று முழுவதும் தாளில் வரைந்து பார்த்ததில், 63 காட்சிகளில் 22 மட்டுமே உண்மையில் வேறுபட்டவை என்று தெரிந்தது. மற்றவற்றில் ஒரே உரையாடலைத்தான் சொல் மாற்றி எழுதியிருக்கிறேன். கடிதத்தைப் பிரிக்கும் முதல் தேர்வைக் கூட்டிவிடப் போகிறேன். தங்கையிடம் உண்மையைச் சொல்வதா, கடிதத்தை எரிப்பதா என்ற தேர்வு மட்டும் இறுதிவரை இரண்டாகவே நிற்கும்.