முதல் ஓட்டு யாருக்கு, இப்போது யாருக்கு? வேலூர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

குடியாத்தம் வாத்தியார்:

எழுபதைத் தாண்டியவன் நான், சொந்த ஊர் குடியாத்தம். ஒரே ஆளின் ஓட்டு காலம் போகப் போக எப்படியெல்லாம் மாறுகிறது என்று அவரவர் அனுபவத்தைக் கேட்கலாமே என்றுதான் இதை ஆரம்பிக்கிறேன். யாருக்குப் போட்டீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏன் மாறினீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

எங்கள் நைனாவிலிருந்து தொடங்குகிறேன். கைலி நெய்கிற தறிக்காரர். பெரியார் கூட்டம் எங்கே என்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காங்கிரஸ் என்றாலே ஆகாது. அப்படிப்பட்டவர் 1954-இல் காங்கிரசுக்கு ஓட்டுப் போட்டார். காமராஜர் முதலமைச்சர் ஆகிவிட்டார், ஆனால் சட்டசபையில் உறுப்பினர் இல்லை. எங்கள் ஊர் இடைத்தேர்தலில் வந்து நின்றார். எதிரே கம்யூனிஸ்ட் வி.கே.கோதண்டராமன். பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தின் சூடு இன்னும் ஆறாத நேரம். ராஜாஜி போய் காமராஜர் வந்ததே பெரிய விஷயம் என்று பெரியாரும் ஆதரித்தார், அண்ணாவும் ஆதரித்தார்.

அதே நைனா 1967-இல் காங்கிரசுக்கு எதிராகப் போட்டார். காமராஜரே விருதுநகரில் தோற்ற தேர்தல் அது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று ஊரெல்லாம் பேச்சு. "என்ன நைனா, கட்சி மாறிட்டீங்களா?" என்று பிற்காலத்தில் கேட்டேன். "அன்னிக்கி ஆளுக்குப் போட்டேன், இன்னொரு நாள் அரிசிக்குப் போட்டேன். நான் எங்கடா மாறினேன்?" என்றார்.

அம்மாவுக்குக் கட்சியே கிடையாது, எம்.ஜி.ஆர்தான். அவர் இறந்து ஒரு வருடம் கழித்து 1989 ஜனவரியில் தேர்தல். கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடங்கி, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. நான் நோட்டுத் தாளில் சேவல் படம் வரைந்து காட்டித்தான் அம்மாவை அழைத்துப் போனேன். உள்ளே சீட்டை வாங்கி விரித்தவர் மேலிருந்து கீழே பார்த்திருக்கிறார், கீழிருந்து மேலே பார்த்திருக்கிறார். ஆண்கள் வரிசையில் நிற்கும் என் காதில் விழுகிற மாதிரி, "இன்னாய்யா, இதுல இலையக் காணோமே?" என்று கேட்டார். ஏஜென்டுகள் எல்லாக் கட்சியும் சேர்ந்து சிரித்தார்கள். வெளியே வந்து, "தெரிஞ்சதா ஒண்ணு இருந்துது, அதுல குத்திட்டேன்" என்றார். எது என்று கடைசிவரை சொல்லவில்லை.

எங்கள் தொகுதியில் இன்னொரு வேடிக்கை. 2006-இல் திமுக அணியில் மார்க்சிஸ்ட் நின்று ஜெயித்தது. 2011-இல் அதிமுக அணியில் இந்தியக் கம்யூனிஸ்ட் நின்று ஜெயித்தது. முதல் தடவை என் சூரியன் நண்பர்கள் அரிவாள் சுத்தியலுக்குப் போட்டார்கள், அடுத்த தடவை இலை நண்பர்கள் கதிர் அரிவாளுக்குப் போட்டார்கள். ஒருத்தரும் கம்யூனிஸ்ட் ஆகவில்லை. ஆக, ஓட்டு மாறியது என்றால் மனசும் மாறியது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் கட்சி. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

பாலாற்றுத் தென்னை:

வாணியம்பாடி. வீட்டில் உருது, கடைவீதியில் தமிழ். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, இருந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மாவட்டத்தில் உள்ள டேனரிகளுக்கெல்லாம் தலா 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் மூட வேண்டும். அதற்குப் பிறகு அப்பாவின் ஓட்டு ஒரே கேள்வியில் நின்றது: டேனரியைத் திறந்து வைக்க யார் உதவுவார்கள்? கட்சி, கொடி, மார்க்கம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

எனக்கு வேறு மாதிரி ஆனது. கூடப் படித்தவனின் தென்னந்தோப்பு ஆற்றோரம் இருக்கிறது. டேனரிக் கழிவு இறங்கிய கிணற்று நீரை ஒரு சொம்பில் மொண்டு கொடுத்து வாயில் வைத்துப் பார் என்றான். வைத்தேன், துப்பினேன். "இதைத்தான் மரத்துக்கு ஊத்துறோம்" என்றான். குரும்பை பிஞ்சிலேயே கொட்டிக் கிடந்தது. அன்றிலிருந்து எங்கள் தொழிலைப் பற்றி என் நினைப்பு மாறிவிட்டது. ஆனால் அதை வைத்து யாருக்கு ஓட்டுப் போடுவது? முதலாளி ஓட்டும் இங்கேதான், தொழிலாளி ஓட்டும் இங்கேதான், தோப்புக்காரன் ஓட்டும் இங்கேதான். பெரிய கட்சி இரண்டுமே மேடையில் பாலாற்றுக்காகக் கண்ணீர் விடும், டேனரிகளை ஒரு வார்த்தை கேட்காது. கொள்கை மாறிவிட்டது, அதற்கு மெஷினில் பட்டன் இல்லை.

என் அத்தை 2016-இல் இரட்டை இலைக்குத்தான் போட்டார். நிலோபர் கபில் நின்றார், ஜெயித்தார், அமைச்சரும் ஆனார். நம்ம ஊர்ப் பெண் என்று அத்தைக்குப் பெருமை. 2019-இல் எங்கள் எம்.பி. தேர்தலை, பணம் பிடிபட்ட விவகாரத்தில், ஏப்ரல் 16-ஆம் தேதி ரத்து செய்துவிட்டார்கள், வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் முன்னால். இந்தியா முழுக்க ஓட்டுப் போட்டு, மோடி மறுபடியும் பிரதமர் ஆகி, பாக்கி நாங்கள் மட்டும். ஆகஸ்ட் 5-க்குக் குறித்தார்கள். அதற்குப் பத்து நாள் முன்புதான் முத்தலாக் மசோதாவை மக்களவையில் அதிமுகவின் ஒரே எம்.பி. ஆதரித்துப் பேசினார். அத்தை பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்தம்மா இருந்திருந்தா இது நடக்குமா?" என்றார். அவ்வளவுதான். திமுக 8,141 ஓட்டில் ஜெயித்தது. அத்தை மாதிரி எத்தனை அத்தைகளோ!

காட்பாடி ஜங்ஷன்:

எங்கள் கதை சின்னது. வரி கட்டுவது வேலூர் மாநகராட்சிக்கு, எம்.பி. மட்டும் அரக்கோணத்துக்கு. அதனால் 2019-இல் நாங்கள் ஏப்ரலிலேயே முடித்துவிட்டோம். துரைமுருகன் 1971-லேயே இங்கே ஜெயித்தவர், நாம் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இருந்த ஆள் நான். நோட்டா வந்த பிறகு அதற்குக்கூடப் போட்டிருக்கிறேன். 2021-இல் அதே துரைமுருகன் 746 ஓட்டு வித்தியாசத்தில் வந்தார். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அன்று போடாமல் தூங்கியவர்களை எண்ணினாலே அதில் ஒரு பங்கு தேறும். இனி நோட்டா கிடையாது.

ஆற்காட்டு மாம்பழம்:

வாத்தியார் ஐயா சொன்னதைக் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். என் ஓட்டு மாறவே இல்லை, மற்றதெல்லாம் மாறியது.

வன்னியர் இட ஒதுக்கீட்டுக்காக நடந்த 1987 சாலை மறியலில் எங்கள் பெரியப்பா ஜெயிலுக்குப் போய் வந்தவர். இரண்டு வருடத்தில் பாமக என்று கட்சி ஆரம்பித்தார்கள். நாங்கள் வேறு பக்கம் திரும்பியதே இல்லை. அரக்கோணம் மக்களவைத் தொகுதியை மட்டும் பாருங்கள். 2004-இல் திமுக, காங்கிரசோடு சேர்ந்து பாமக நின்றது, வேலு ஜெயித்து ரயில்வே இணை அமைச்சர் ஆனார். 2009-இல் அதே வேலு, அதே மாம்பழச் சின்னம், அதிமுக கூட்டணி. 2014-இல் மறுபடியும் வேலு, இந்த முறை பாஜக, தேமுதிக, மதிமுக எல்லாம் ஒரே மேடை. 2019-இல் ஏ.கே.மூர்த்தி, அதிமுகவும் பாஜகவும் கூட. 2024-இல் வழக்கறிஞர் பாலு, பாஜக கூட்டணி, அதிமுக இல்லை. முதல் தடவைக்குப் பிறகு ஜெயிக்கவே இல்லை, அது வேறு கதை.

நான் ஒவ்வொரு தடவையும் மாம்பழத்தில்தான் அழுத்தினேன். கணக்குப் பார்த்தால் ஒரு தடவை காங்கிரஸ் ஆட்சிக்குப் போட்டிருக்கிறேன், ஒரு தடவை மூன்றாவது அணிக்கு, அப்புறம் மோடிக்கு. மோடி பிரதமராக வரணும் என்றோ வரக்கூடாது என்றோ நான் உட்கார்ந்து யோசித்ததே கிடையாது. நாங்கள் போடுவது இட ஒதுக்கீட்டுக்கு. 1989-இல் கலைஞர் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் கொடுத்தார். 2021-இல் எடப்பாடி அதற்குள் வன்னியருக்கு 10.5 சதவீதம் கொடுத்தார், கோர்ட்டில் நிற்கவில்லை. இரண்டு கட்சியிடமும் வாங்கியாகிவிட்டது, இரண்டையும் எதிர்த்தும் போட்டாகிவிட்டது.

என் பெண் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். "கூட்டணி பேசுறப்ப உங்கள யாராச்சும் கேட்டாங்களாப்பா?" என்கிறாள். அவள் எங்கே போடுகிறாள் என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

பேர் வேண்டாம்:

எல்லாரும் சின்னமும் கூட்டணியுமே பேசுகிறீர்கள். மனசு மாறின கதை ஒருத்தருக்குமே இல்லையா? பாலாற்றுக்காரர் கொஞ்சம் தொட்டார், அவ்வளவுதான்.

குடியாத்தம் வாத்தியார்:

நியாயமான கேள்வி. எனக்கு ஒன்று உண்டு, ஆனால் அதில் என் ஓட்டு மாறவில்லை.

1977-இல் என் முதல் ஓட்டே எம்.ஜி.ஆருக்குத்தான். அப்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் 1982-இல் அவர் சத்துணவு கொண்டுவந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தை மெஸ் ஆக்குகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் சத்தமாகவே பேசுவேன். எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் பீடி சுற்றுகிற வீடு, தீப்பெட்டி ஒட்டுகிற வீடு. காலையில் வருவார்கள். மத்தியானம் மணி அடித்ததும் சாப்பிட வீட்டுக்குப் போவார்கள், அங்கே கையில் பசைக் கிண்ணத்தைக் கொடுத்துவிடுவார்கள். மதிய வருகை எடுக்கும்போது பின் பெஞ்சு காலியாக இருக்கும். சத்துணவு வந்த பிறகு அந்தப் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்குப் போகவே இல்லை. சாப்பிட்டுவிட்டு அங்கேயே விளையாடி, அப்படியே வகுப்புக்குள் வந்துவிட்டார்கள். என் பாடம் நடத்துகிற திறமைக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

அதற்குப் பிறகு இலவசம் என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். எம்.ஜி.ஆர் சோறு போட்டார், கலைஞர் முட்டை சேர்த்தார், ஸ்டாலின் 2022-இல் காலைச் சிற்றுண்டி கொண்டுவந்தார். இந்த ஒரு விஷயத்தில் நான் மூன்று பேர் கட்சியும்.

சத்துவாச்சாரி சுமதி மாதிரி:

(பேர் அது இல்லை, சும்மா வைத்துக்கொண்டேன்.)

ஆம்பளைகள் எல்லாம் ஏன் மாறினோம் என்று எழுதுகிறீர்கள். எனக்கு முதலில் யார் மாற்றுவது என்பதே பிரச்சினையாக இருந்தது. வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் வேலை, தொழிற்சங்கம், திமுக. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் எத்தனையாவது பட்டன் என்று சொல்லிவிடுவார். நானும் மாமியாரும் அதிலேயே அழுத்துவோம். அரசியல் பேச எனக்கு ஆசையும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

2011 வந்தது. அந்த வருடங்களின் மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பெரியவள் பத்தாவது. எமர்ஜென்சி லைட்டில் படிப்பாள், அதுவும் மங்கிவிட்டால் மெழுகுவர்த்தி. நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறி மட்டையால் வீசிக்கொண்டிருப்பேன். அவர் டூட்டி முடிந்து வந்து, கரண்ட் ஏன் இல்லை, டெல்லி ஏன் தரவில்லை என்று அழகாக விளக்குவார். அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். என் கை வலித்தது. ஏப்ரல் 13-ஆம் தேதி அவர் சொன்ன பட்டனை விட்டு வேறு ஒன்றை அழுத்தினேன். மெஷின் பீப் என்று கத்தியதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போல ஒரு பயம். மிக்ஸி, கிரைண்டருக்காகப் போட்டேன் என்று அவர் இன்றுவரை கிண்டல் செய்கிறார். வந்தது, வாங்கிக்கொண்டேன், அரைக்கிறது. போட்டது அதற்காக இல்லை.

அடுத்த தேர்தலில் திரும்ப மாறினேன், அதற்கடுத்தும் நானாகவே முடிவு பண்ணினேன். மகளிர் குழுவில் ஊக்குநர் ஆன பிறகு வங்கி, தாலுகா ஆபீஸ் என்று அலைந்து, எந்தக் கட்சி ஆட்சியில் எந்த வேலை நடக்கிறது, எது இழுக்கிறது என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு இந்த அலைச்சலுக்குக் காசு மிச்சம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். ஒரு கட்சிக்காரி என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

போன தடவை ஓட்டுக் கேட்டு வாசலில் வந்த தம்பிகள், வழக்கம்போல அவரிடம் மட்டும் கும்பிடு போட்டு, "அண்ணே, உங்க வீட்டுல நாலு ஓட்டு, நம்மளுதுதானே?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவர் கூப்பிட்டு நிறுத்தினார். "ஒண்ணு நம்மளுது, உறுதி. மிச்ச மூணுக்கு உள்ள போய் அவங்களையே கேளுங்கப்பா" என்றார்.