புதுப்பிப்பு: அம்மாவுக்கு இரண்டாம் தவணை கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசி போட்டாயிற்று

மே மாதம் கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு 2021 ஏப்ரல் 5 அன்று முதல் தவணை, ஆறு வாரம் கடந்தும் தடுப்பூசி முன்பதிவுக்கான அரசின் கோவின் தளம் இரண்டாம் தவணைக்குத் தேதி தரவில்லை, என்ன செய்வது என்று. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

தளத்தில் பிழை இல்லை. மே 13 அன்று அரசு இரண்டு தவணைகளுக்கு இடையிலான இடைவெளியை 12 முதல் 16 வாரமாக்கிவிட்டது, 84 நாள் முடியவேண்டும் என்று ஒருவர் சொன்னதே சரி. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வேறு. அந்த ஆறு வாரமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

84ஆம் நாள் ஜூன் 28. முன்பதிவை நம்பாமல் தடுப்பூசி மையத்துக்கு நேரில் போய் டோக்கன் வாங்குங்கள் என்ற யோசனைதான் பலித்தது. முதல் நாள் காலை ஆறு மணிக்குப் போயும் டோக்கன் தீர்ந்துவிட்டது, அழுகையே வந்துவிட்டது. மறுநாள் நாலரைக்கே போனேன், கிடைத்தது.

எதிர்பாராதது ஒன்று. முதல் தவணை தம்பியின் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருந்தது. என் எண்ணில் தேடினால் அம்மாவின் பெயரே இல்லை. புதிதாகப் பதிந்திருந்தால் மறுபடியும் முதல் தவணையாகவே ஏறியிருக்கும். தம்பியை அழைத்து, அவனுக்கு வந்த கடவு எண்ணைக் கேட்டுச் சொன்ன பிறகே ஊசி போட்டார்கள். முதல் தவணைச் சான்றிதழை மறக்காமல் கொண்டுபோக வேண்டியிருந்தது. எந்த எண்ணில் பதிந்தது என்பதையும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். அம்மா என் கையை விடவே இல்லை.